டிரம் பட்டறைக்கு வந்த படகு வீடு

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்தை என் வீட்டுக்காரியே படிக்க மாட்டாள். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தொழிலாளர் சங்கத்தில் தட்டச்சு செய்கிறவர் எல்லாவற்றையும் திருத்திக்கொள்வதாகச் சொன்னதால்தான் எழுதத் துணிந்தேன். நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது சொல் என்றார்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. டிரம் தச்சன். தோல் பதனிடுகிற டேனரிகளில் தோலை ஊறவைத்துச் சுற்றுகிற பெரிய மர உருளைதான் டிரம். ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். பலகைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, வெளியே இரும்புப் பட்டை போட்டு இறுக்குவோம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே டிரம் ஒழுகினாலும் எங்கள் பட்டறைக்குத்தான் போன் வரும். எங்களுக்குத் தலைவர் தசரதன் மேஸ்திரி. வேலையில் கெட்டிக்காரர். பேச்சில் அதைவிட.

நான் எழுதப் போவது டிரம் பற்றி இல்லை. ஒரு படகு பற்றி. நம் ஊரில் படகு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

1. லாரியில் வந்தது

ஒரு நாள் காலை பட்டறைக்குப் போனால் வாசலை அடைத்துக்கொண்டு நீளமான டிரெய்லர் லாரி நின்றது. அதன்மேல் கறுப்பாக, இரண்டு முனையும் மேலே வளைந்து, நடுவில் கிழிந்த மூங்கில் பாய்க் கூரையோடு ஒன்று கிடந்தது. எனக்குப் புரியவே இல்லை. பெரிய மிருகம் ஒன்று செத்துக் கிடப்பதுபோல் இருந்தது.

லாரியிலிருந்து முக்தார் பாய் இறங்கினார். ஆம்பூரில் தோல் வேலையில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோலை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, சாக்பீஸால் ஓரத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதுவார். குறையே இல்லாத தோலுக்குத்தான் ஒன்று; அதை மட்டும் எழுதமாட்டார். அவர் கையால் ஒன்றாம் நம்பர் வாங்கிய தோல் கிடையாது என்று சொல்வார்கள்.

"இன்னா பாய் இது, எந்த டேனரிக்கு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"டேனரிக்கு இல்ல மேஸ்திரி. எனக்கு. குடித்தனம் பண்றதுக்கு."

மேஸ்திரி படகையும் பார்த்தார், பாயையும் பார்த்தார். "பாலாத்துல ஆடு மேயுது பாய். இத எங்க ஓட்டப் போறீங்க?"

"ஓட்டல. கட்டி வெக்கப் போறேன். பேரணாம்பட்டு தாண்டி என் மச்சானோட கல் குவாரி இருக்குது. தோண்டும்போது ஊத்து வந்து, வேலய வுட்டுட்டாங்க. சித்திரையில கூட ரெண்டு ஆள் ஆழம் தண்ணி நிக்கும். அதுல."

விஷயம் இதுதான். பாயும், நாங்கள் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற அவர் மனைவி ஷம்ஷாத்தும் ஆம்பூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, மழைக்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாய் எப்போதோ ஆலப்புழைக்குப் போய்ப் படகு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர். ஓய்வு பெற்றபோது வந்ததையெல்லாம் கொட்டி, டூரிஸ்ட் வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிப்போட்ட பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டார். இனி வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவும் கையில் ஒன்றும் இல்லை. மழைக்கு முன் இது வீடாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் தெருவில்.

"படகு வேல எங்களுக்குத் தெரியாதே பாய்" என்றார் மேஸ்திரி.

"மரம் தண்ணியில ஊறுற வேல உங்களுக்குத்தான தெரியும்? இந்த ஜில்லாவுல வேற யார்கிட்ட போவேன்?"

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏழுமலை, நீ இன்னா சொல்ற?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "இவன் வாயத் தெறந்தா மழ வந்துரும் பாய், அதான் தெறக்க மாட்றான்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வேலை முடிவாயிற்று.

2. ஆணி இல்லை

குவாரிக்குள் முன்பு கல் லாரிகள் இறங்கிய சரிவுப் பாதை ஒன்று அப்படியே இருந்தது. அதன் தலைமாட்டில், சமமான இடத்தில், ரயில்வே கட்டைகளை அடுக்கி, கிரேன் வைத்துப் படகை இறக்கினோம். அடியில் ஆள் தவழ்ந்து போகும் உயரம்.

வேலை தொடங்கிய அன்று ஷம்ஷாத் பாபி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். படகை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். சுற்றி வந்தார். குவாரியை எட்டிப் பார்த்தார். சுற்றிலும் வெறும் பாறை.

"இன்னா ஜி, இந்தப் பாறைக்குள்ள சித்திரையில ரொட்டி சுடலாம். என்னை வெச்சு சுடப் போறீங்களா?"

"கூரைய ரெட்டையா போடச் சொல்லிருக்கேன். நடுவுல காத்து போவும்" என்றார் பாய்.

"மேஸ்திரி, நீங்களாச்சும் சொல்லுங்க. ரிடையர் ஆனதுல இருந்து இவரு மூளைக்கு வேல இல்ல. இத்தன வருஷம் தோல் நாத்தம். இனிமே மீன் நாத்தமா?"

மேஸ்திரி உளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நான் படகுக்குள் போய்விட்டேன். எனக்குப் பெண்கள் எதிரில் நிற்கவே கூச்சம்.

உள்ளே போய்த் தரைப் பலகையைப் பெயர்த்தேன். பெயர்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டேன். கறுப்புச் சேறு. அதில் பீர் பாட்டில்கள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, டீசல் நாற்றம். சேற்றை வாரி எடுத்தால், பலகைகளைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்களில் பாதி, தொட்டால் அவல் மாதிரி உதிர்ந்தது. இதில் ஆட்கள் படுத்துத் தூங்கி, பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வியர்த்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. பலகையைக் கழற்ற ஆணி தேடினேன். ஆணி இல்லை. முனையிலிருந்து முனை வரை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு இடத்திலும் ஆணி இல்லை, போல்ட் இல்லை. பலகைக்குப் பலகை ஓட்டை போட்டு, தென்னை நாரை நடுவில் திணித்து, கயிற்றால் தைத்து வைத்திருந்தார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கையால் காட்டினேன்.

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். பிறகு, "ஷூ தைக்கிற மாதிரி தச்சி வெச்சிருக்கான்டா. இத நம்பியா தண்ணியில வுட்றாங்க?" என்றார்.

ஆனாலும் தெரிந்த வேலையைச் செய்தோம். உதிர்ந்த சட்டங்களை எடுத்துவிட்டு, டிரம்முக்கு வைத்திருந்த நல்ல கெட்டி மரத்தில் புதுச் சட்டம் போட்டோம். கூரையை இரட்டையாக்கினோம். சமையலறைக்கு ஒரு பக்கம், படுக்கைக்கு ஒரு பக்கம் தடுப்பு. கழிவறைக்குக் கரையில் செப்டிக் டேங்க் கட்டி, நடுவில் வளைகிற பைப். கூரையில் சோலார் தகடு. தையலைத் தொடவில்லை. அது எங்களுக்குத் தெரியாத வேலை. நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

3. தண்ணீர் கட்டினோம்

கோடை முழுதும் படகு வெயிலில் கிடந்ததால் பலகைகள் சுருங்கிப் போயின. உள்ளே உட்கார்ந்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

இது எங்களுக்குப் புதிதில்லை. புது டிரம்மும் இப்படித்தான் இருக்கும். பட்டை போட்டு முடித்ததும் உள்ளே தண்ணீர் கட்டிவிடுவோம். முதலில் எல்லா இடுக்கிலும் ஒழுகும். ஒழுகுகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு காத்திருப்போம். மரம் ஊறிப் பருத்து, இடுக்குகள் தானாக மூடிக்கொள்ளும். பின்னும் ஒழுகுகிற இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். எங்கள் தொழிலில் இதைச் செய்யாமல் யாரும் டிரம்மை ஒப்படைக்க மாட்டார்கள். மேஸ்திரியின் அப்பாவும் இப்படித்தான் செய்தார்.

அதனால், "நாளைக்குத் தண்ணி கட்டிடலாம்" என்று மேஸ்திரி சொன்னபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. முக்தார் பாயும் டேனரியில் வாழ்நாளைக் கழித்தவர். "ஆமா, அதான் முறை" என்றார்.

டேங்கர் வந்தது. நான் படகுக்குள் சட்டத்தின்மேல் நின்று ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டேன். மேஸ்திரி டேங்கர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாய் சும்மா இருக்க மாட்டாரே. கையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு படகின் அடியில் தவழ்ந்து போய்விட்டார். ஒழுகுகிற இடத்தைக் குறிப்பதற்கு.

"இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. மேஸ்திரி, இந்தப் பலகை ரொம்ப மோசம். நாலாம் நம்பர்" என்று அடியிலிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் என் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டேன். மெத்தைக்குள் பஞ்சு அழுந்துவதுபோல் ஒரு முனகல். குனிந்து பார்த்தேன். நான் என் கையால் அறைந்து பொருத்திய சட்டத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் என் கட்டை விரல் போகிற அளவு இடைவெளி இருந்தது. காலையில் அது இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல் ஆயிற்று.

பலகை ஊறிப் பருக்கவில்லை. வெளியே போய்க்கொண்டிருந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஹோஸை விட்டுவிட்டு விளிம்பைத் தாண்டிக் குதித்தேன். குனிந்து அடியில் கையை நீட்டி, கிடைத்ததைப் பிடித்து இழுத்தேன். பாயின் லுங்கி மட்டும் கையோடு வந்தது.

"டேய், இன்னாடா பண்ற?" என்று அவர் உள்ளே நகர்ந்தார்.

அவர் கணுக்காலைப் பிடித்தேன். ஆட்டைக் கிடையிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தேன். அவர் திட்டிக்கொண்டே பாறையில் தேய்ந்தபடி வெளியே வந்தார். அவர் தலை வெளியே வந்த அதே நேரம் முதல் தையல் அறுந்தது. டப் என்று ஒரு சத்தம். பிறகு அடுத்தடுத்து, தீபாவளி சரவெடி போல, முனையிலிருந்து நடு வரை. பக்கப் பலகைகள் இரண்டு விரிந்து விழுந்தன. டேங்கர் தண்ணீர் மொத்தமும் எங்கள் மேல் வந்து, எங்கள் இரண்டு பேரையும் சரிவில் கொஞ்ச தூரம் தள்ளிப் போட்டுவிட்டு, தான் மட்டும் ஓடிக் குவாரியில் கொட்டியது. பாரம் ஒரு பக்கம் போனதும் படகு கட்டைகளிலிருந்து ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது. பாய் இருந்த இடத்தில் அரிசி மூட்டை கூட நுழையாது.

பிறகு பார்த்தால், தென்னை நார்த் துண்டுகள் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தன. மேஸ்திரி கையில் டீ கிளாஸோடு நின்றபடி நின்றார். பாய் பாறையில் உட்கார்ந்திருந்தார். சட்டை மட்டும்தான் இருந்தது. கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை.

ஷம்ஷாத் பாபி மதியச் சாப்பாட்டோடு வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஓடி வரவில்லை. நடந்தே வந்தார். கேரியரைப் பாறைமேல் வைத்தார். என் கையில் இருந்த லுங்கியை வாங்கி, பிழிந்து, அவருக்குச் சுற்றிவிட்டார். 

"ஷம்ஷாத், வூடு போச்சி" என்றார் பாய்.

பாபி படகின் பக்கம் போனார்.

4. பட்டை எங்கே

ஆம்பூரில் நிறைய பெண்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பார்கள். பாபிக்கும் அந்த வேலைதான். இரண்டு ஊசி, ஒரே ஓட்டை, மெழுகு தடவிய நூல். அவருடைய ஆள்காட்டி விரல்கள் இரண்டிலும் நூல் அறுத்த தழும்பு இருக்கும்.

விழுந்து கிடந்த பலகையைப் புரட்டிப் பார்த்தார். ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். அறுந்த கயிற்றை எடுத்து முறுக்கு பிரித்தார். அது தூளாக உதிர்ந்தது.

"மரம் கிழியல ஜி" என்றார். "ஓட்டை கூட கிழியல. தையல்தான் போச்சி. நூலு பழசு. தையல் போனா வேற தையல் போட்டுக்கலாம்."

அந்தப் படகைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

மேஸ்திரி படகை விற்றவருக்கு வீடியோ கால் போட்டார். ஆலப்புழைக்காரர், வர்க்கீஸ் சேட்டன் என்று பெயர். படகைக் காட்டினோம். நடந்ததைச் சொன்னோம். அவர் முகம் திரையில் அப்படியே நின்றது. போன் நின்றுவிட்டதோ என்று மேஸ்திரி தட்டிப் பார்த்தார்.

பிறகு, "உள்ளே தண்ணியா ஊத்தினீங்க? யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. எங்க வேலையில அதான் பழக்கம்."

"நான் வர்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க. தயவுசெஞ்சு" என்று வைத்துவிட்டார்.

ரயிலில் வந்தார். கூட இரண்டு மூட்டை தென்னை நாரும் கயிற்றுச் சுருளும். எங்கள் வயதுக்காரர். கோபமாக வருவார் என்று பயந்தோம். அவர் முதலில் எங்கள் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனோம். தண்ணீர் கட்டி வைத்திருந்த டிரம் ஒன்றைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, வெளியே இருந்த இரும்புப் பட்டையைத் தொட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"உள்ள தண்ணி தள்ளும் இல்ல, பலகை வெளிய வராம புடிச்சிக்கறதுக்கு" என்றார் மேஸ்திரி.

வர்க்கீஸ் தலையை ஆட்டிக்கொண்டார். எல்லோரும் குவாரிக்கு வந்த பிறகு, திறந்து கிடந்த படகின் முன் நின்று, "மேஸ்திரி, இதுக்குப் பட்டை எங்க?" என்று கேட்டார்.

மேஸ்திரி படகை மேலும் கீழும் பார்த்தார். "இல்லையே" என்றார்.

"இருக்கு" என்று சொல்லி, வர்க்கீஸ் கையை நீட்டிக் குவாரித் தண்ணீரைக் காட்டினார்.

நான் தண்ணீரையே பார்த்தேன். இத்தனை வருஷம் மரத்தையும் தண்ணீரையும் சேர்த்தே பார்த்தவன் நான். டிரம்மில் தண்ணீர் உள்ளிருந்து தள்ளும், பட்டை வெளியிலிருந்து பிடிக்கும். படகைத் தண்ணீரே வெளியிலிருந்து பிடிக்கிறது. நாங்கள் பட்டையைக் கழற்றிவிட்டு டிரம்மில் தண்ணீர் கட்டியிருக்கிறோம். அதன் அடியில் ஒரு மனிதரை அனுப்பியிருக்கிறோம்.

மேஸ்திரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. 

5. பலகைக்கு இந்தப் பக்கம்

பழைய தையல் முழுவதையும் பிரித்துப் புதிதாகத் தைப்பது என்று முடிவாயிற்று. அதற்குப் படகின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவர் கயிற்றை ஓட்டையில் விட, வெளியே ஒருவர் வாங்கி இறுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வர்க்கீஸ் ஒரு வரிசை தைத்துக் காட்டினார்.

பாபி பார்த்துக்கொண்டே இருந்தார். "இது ஷூ தையல்தான். நூலுதான் பெருசு" என்றார். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டார். மேஸ்திரியும் வர்க்கீஸும் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்கு உள்ளே பாபி, வெளியே நான்.

எனக்கு முதலில் கை ஓடவில்லை. ஆனால் நடுவில் பலகை இருந்தது. முகம் தெரியாது. கயிறு மட்டும் ஓட்டை வழியாக வரும்.

"வந்துதா?" என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்.

"வந்துது" என்பேன்.

"இழுங்க. இன்னும். ஏழுமலை, சோறு துன்னலியா, இழுங்க."

இழுப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அன்னிக்கு ஏன் கத்தல நீங்க?" என்று கேட்டார்.

"கத்தத்தான் பாத்தேன் பாபி. சத்தம் வரல."

அந்தப் பக்கம் கயிறு நின்றது. பிறகு மறுபடி வந்தது. "வந்திருந்தா இவரு அடியில இருந்துகிட்டே இன்னா இன்னான்னு கேட்டுட்டு இருந்திருப்பாரு" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவர் அப்படிப்பட்டவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளேயும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வேலை முடிகிற வரைக்கும் நாங்கள் பலகை வழியாகவே நிறைய பேசினோம். என் பெண்ணின் கல்யாணம், அவருடைய தங்கையை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த இடம், எல்லாம். என் வீட்டுக்காரியிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

தைத்து முடித்ததும் பூச்சுக்கு மீன் எண்ணெய் வேண்டும் என்றார் வர்க்கீஸ். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். தோலை மிருதுவாக்க டேனரிகளில் பீப்பாய் பீப்பாயாக வைத்திருப்பார்கள். பாய் போய் வாங்கிவந்தார். அது ஒன்றில்தான் எங்களுக்கும் அவருக்கும் ஒரே பழக்கம் இருந்தது.

6. மேட்டில் ஒரு வீடு

சரிவில் உருளைக் கட்டைகள் போட்டு, கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, படகை மெதுவாகத் தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். உடனே உள்ளே தண்ணீர் வரத் தொடங்கியது. எல்லா இடுக்கிலும்.

நான் பதறிப்போய் வர்க்கீஸைப் பார்த்தேன். அவர் கரையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கட்டும். தாகம் தீர்ந்தா நிறுத்திக்கும்" என்றார்.

மோட்டார் வைத்து உள்ளே வருகிற தண்ணீரை இறைத்தோம். பாபி குவாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் பாதிதான் வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் ஒரு பக்கெட். அப்புறம் துணியால் ஒற்றி எடுக்கிற ஈரம் மட்டும். டிரம்மும் இப்படித்தான் மூடிக்கொள்ளும்.

வர்க்கீஸ் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மீதி இருந்தது படகைக் கட்டுகிற வேலை. மேஸ்திரி பாறையில் துளை போட்டு, கெட்டி இரும்புக் கொக்கி இறக்கி, சங்கிலியால் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "யானை இழுத்தாலும் வராது" என்றார்.

நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் அப்போது கரையிலிருந்து ரொம்பக் கீழே இருந்தது. மேலே நின்று எட்டிப் பார்த்தால்தான் கூரை தெரியும். படகுக்குப் போக ஏணி வைத்திருந்தோம். கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மேஸ்திரி இருக்கிறார், பாய் இருக்கிறார், பாபியும் இருக்கிறார். விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பாறையில் தேய்ந்த பாயின் முழங்கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மழ பேஞ்சி தண்ணி ஏறுனா?"

மேஸ்திரி திரும்பினார். "ஏறுனா?"

"படகு மேல வரப் பாக்கும். சங்கிலி கீழ புடிச்சிக்கும்."

 பாபி சங்கிலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கழட்டுடா" என்றார் மேஸ்திரி, யாரிடம் என்றில்லாமல்.

சங்கிலிக்குப் பதில் பாறையோரம் இரண்டு உயரமான இரும்புக் குழாய்களை நட்டு, காங்கிரீட் போட்டு இறுக்கினோம். குழாயைச் சுற்றி வளையம் மாட்டி, வளையத்தில் படகைக் கட்டினோம். தண்ணீர் ஏறினால் வளையம் குழாயோடு ஏறும், இறங்கினால் இறங்கும். ஏணிக்குப் பதில் வளைகிற நடைபாதை.

பாயும் பாபியும் ஆடு வெட்டிச் சோறு போட்டுக் குடி வந்தார்கள். ஊர் வி.ஏ.ஓ. ஒரு நாள் வந்து, கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு வூட்டு வரி போட்றதா, வண்டி வரி போட்றதா?" என்று கேட்டுவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை.

பிறகு மழை பிடித்தது. விடாத மழை. எங்கள் தெருவிலேயே தண்ணீர் நின்றது. பாய்க்குப் போன் போட்டால் போகவில்லை. மேஸ்திரிக்குப் போட்டேன். "நீ அன்னிக்கு வாயத் தெறந்த பாரு, அதான் வந்துருச்சு" என்றார். ஆனால் அவர் குரலில் சிரிப்பு இல்லை.

மழை விட்ட காலையில் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை நடந்தேன். ஓடையெல்லாம் குவாரிப் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. குவாரி மேடு தூரத்தில் தெரிந்தது. மேட்டின்மேல் ஒரு வீடு இருந்தது.

அங்கே வீடு கிடையாது. எத்தனை நாள் வேலை செய்த இடம். வெறும் பாறையும் முள்ளும்தான். வழி தப்பி வேறு குவாரிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வந்த வழியைப் பார்த்தேன். அதே புளிய மரம், அதே உடைந்த எடைமேடை. கால் நின்றுவிட்டது. அந்த வீட்டின் வாசலில் பச்சைத் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது.

"ஏழுமலை, இன்னாத்துக்கு அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. இன்னிக்கு இறங்க வேணாம். நேரா நடந்து வரலாம்" என்று வீட்டிலிருந்து பாபி கூப்பிட்டார்.

தண்ணீர் குவாரியின் விளிம்பு வரை ஏறியிருந்தது. படகும் கூடவே ஏறி, கரைக்குச் சமமாக நின்றது. வளையம் இரண்டும் குழாயின் தலையருகே இருந்தன. அன்றைக்குப் போட்டிருந்த சங்கிலி எந்த ஆழத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முக்தார் பாயைக் காணோம். தரைப் பலகைக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "யாரு, ஏழுமலையா? இங்க வா."

குனிந்து பார்த்தேன். டார்ச்சும் சாக்பீஸுமாகக் குப்புறப் படுத்திருந்தார். என் கை தானாக அவர் கணுக்காலை நோக்கிப் போனது. பிறகுதான், இப்போது தண்ணீர் வெளியே இருக்கிறது என்று புரிந்தது.

"விடிஞ்சதுல இருந்து தேடறேன்பா. ஒரு எடத்துல கூட மார்க் போட முடியல" என்றார். டார்ச்சை ஒரு பலகையில் அடித்தார். அன்றைக்குத் தையல் வெடித்து விழுந்த பலகை. பாபியும் நானும் தைத்த வரிசை. கையால் ஒரு தரம் தடவினார். சாக்பீஸை எடுத்து, அதன் ஓரத்தில், தோலில் எழுதுவதுபோலவே, ஒன்று என்று எழுதினார்.

பாபி எனக்குச் சாயா கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் பலகை இல்லை. இருந்தாலும் நான் முகத்தைப் பார்த்தே வாங்கிக்கொண்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தெரிந்த வேலை மாதிரியே ஒன்று எதிரில் வந்து நின்றால் கை தானாக ஓடும். ஓடுகிற கையை நிறுத்திவிட்டு, பாரம் உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று ஒரு தரம் கேளுங்கள். மேஸ்திரியிடம் கேளுங்கள், வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள். வாய் வராதவர்களும் கேளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

எழுதி முடித்தது, கார்த்திகை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வெளியே தூறல்.